நோயாளி கையில் டேப்லெட்: எதைத் தட்டச் சொல்லலாம், எதைத் தட்டச்சு செய்யச் சொல்லக் கூடாது

கேள்வி இதுதான்: நாளொன்றுக்கு 150 புறநோயாளிகள் வரை வரும் நடுத்தர மருத்துவமனை. வரவேற்பில் கொடுக்கும் இரண்டு பக்கத் தாள் படிவத்தை நிறுத்திவிட்டு, நோயாளிகளே டேப்லெட்டில் நிரப்பட்டும் என்று நிர்வாகம் நினைக்கிறது. வருபவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஐம்பதைத் தாண்டியவர்கள். இது சரிப்பட்டு வருமா? எந்த டேப்லெட் வாங்குவது? என்னென்ன சிக்கல் வரும்?

சரிப்பட்டு வரும். ஆனால் தாளில் இருப்பதை அப்படியே திரைக்கு ஏற்றினால் ஒரே வாரத்தில் டேப்லெட் மேசை டிராயருக்குள் போய்விடும். திரையைத் தொடுவது பெரியவர்களுக்குச் சிரமம் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும், யூடியூபில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் எத்தனையோ பேருக்குத் திரையில் இரண்டு வார்த்தை தட்டச்சு செய்ய வராது. தட்டுவது வேறு, தட்டச்சு வேறு. படிவத்தை இந்தக் கோட்டில் இரண்டாகப் பிரியுங்கள். பெயர், வயது, முகவரி, எண்கள் எல்லாம் வரவேற்பு ஊழியர் பொறுப்பு. நோய் வரலாறு, இப்போதுள்ள தொந்தரவு, பழக்கவழக்கம் ஆகியவை நோயாளியின் விரலுக்கு. நோயாளி பக்கத்தில் விசைப்பலகை ஒருமுறைகூடத் திறக்கக் கூடாது என்று மென்பொருள்காரரிடம் நிபந்தனையாகவே சொல்லிவிடுங்கள்.

முதலில் ஊழியர் பக்கம். தவறுகள் அதிகம் விளையும் இடம் இதுதான்.

வெளிநாட்டு வார்ப்பில் செய்த மென்பொருள்கள் 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு பெட்டி கேட்கும். இரண்டும் கட்டாயம் என்றும் வைத்திருக்கும். நம் ஊரில் இருப்பது தலைப்பெழுத்தும் பெயரும். அதனால் இரண்டாம் பெட்டியில் ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் அதே பெயரைத் திரும்பப் போடுவார். அடுத்த முறை தேடும்போது ஆள் கிடைக்க மாட்டார், புதுப் பதிவு விழும். பெயருக்கு ஒரே பெட்டி, தலைப்பெழுத்துக்குத் தனிப் பெட்டி, தந்தை அல்லது கணவர் பெயருக்கு விருப்பப் பெட்டி என்று வையுங்கள். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்து மாறும் பெண்கள் பலர் இருப்பதால், தேடும்போது தலைப்பெழுத்து பொருந்தாவிட்டாலும் பெயரைக் காட்ட வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்களுக்கு அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எடுங்கள். 'லட்சுமி' என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். பின்னால் காப்பீட்டு அனுமதி கேட்கும்போது இதில்தான் இழுத்தடிப்பு வரும்.

தமிழில் பெயரைச் சேமிப்பதாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி இருக்கிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்ப்பது இன்னொன்று. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் பதிந்த 'கோமதி', இன்னொன்றில் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். சேமிக்கும்போதும் தேடும்போதும் யூனிகோடின் என்எஃப்சி முறைப்படி (இரண்டு வடிவத்தையும் ஒரே வடிவமாக்குவது) சீர்செய்யச் சொன்னால் இது தீரும். 'சௌந்தரி' விஷயம் இப்படித் தீராது. ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்பு போட்டு, பின்னால் ளகரத்தைத் தட்டி 'செளந்தரி' என்று பதிகிறவர்கள் ஏராளம். அதைத் தானாகத் திருத்தவும் முடியாது. 'வெள்ளி' போன்ற சொற்களில் கொம்புக்குப் பின் ளகரம் முறைப்படியே வருகிறதே. ஆகவே சேமித்ததை மாற்றாமல், தேடுதலில் மட்டும் இரண்டையும் ஒன்றாகக் கருதச் சொல்லுங்கள்.

பிறந்த தேதிக்கு நாள்காட்டியைத் திறந்து காட்டும் படிவங்கள் உண்டு. அது இன்றைய தேதியில் நிற்கும். 1958க்குப் போக அம்புக்குறியை எத்தனை தடவை தட்டுவது? நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எண் பெட்டிகளும் எண் விசைப்பலகையும் போதும். வயது மட்டும் தெரிந்தவர்களுக்கு 'வயது' என்று தனி வழி வேண்டும், அது எந்தத் தேதியில் சொன்ன வயது என்பதும் கூடவே பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் ஊழியர் ஜனவரி 1 என்று ஒரு தேதியை இட்டுக்கட்டுவார், அது உண்மைத் தேதியாகவே நிலைத்துவிடும். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் வயதை ஏற்காதீர்கள். தடுப்பூசி அட்டவணை வாரக்கணக்கில் ஓடுகிறது, சரியான தேதி வேண்டும்.

கைபேசி எண்ணை நோயாளியின் அடையாளமாக வைப்பது ஆபத்து. ஒரே எண்ணில் தாத்தா, பாட்டி, மருமகள், பேரன் என நாலு பேர் பதிவாகியிருப்பார்கள். எண்ணைத் தட்டியதும் அந்த நால்வரும் பட்டியலாக வர வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தலைப்பெழுத்துடன் பெயர், வயது, ஊர் மூன்றும் தெரிய வேண்டும். முதல் பெயர் தானாகத் தேர்வாகி நிற்கக் கூடாது. மாமியாரின் கோப்பில் மருமகளின் மருந்து ஏறுவது இப்படித்தான்.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் 14 இலக்க ஆபா எண் (சுகாதாரக் கணக்கு எண்) வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தட்டச்சே தேவையில்லை. 2022 அக்டோபரில் அறிமுகமான 'ஸ்கேன் அண்ட் ஷேர்' வசதியில், வரவேற்பில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை நோயாளி தன் கைபேசியால் எடுத்தால் பெயர், வயது, முகவரி வந்து சேரும், டோக்கனும் கிடைக்கும். ஆனால் வரிசையில் நிற்கும்போது புதிதாக ஆபா எண் உருவாக்கித் தர முயலாதீர்கள். ஓடிபி வரவேண்டிய கைபேசி மகனிடம் இருக்கும், மகன் வேலையில் இருப்பார். வரிசை அங்கேயே நின்றுவிடும்.

இனி நோயாளி பக்கம். ஒரு கேள்வியை எடுத்துக் காட்டினால் மற்றவை புரிந்துவிடும். தாளில் 'மருந்து ஒவ்வாமை: ________' என்று ஒரு கோடு இருக்கும். அதை யாரும் நிரப்பாமல் விட்டால் ஒவ்வாமை இல்லை என்று அர்த்தமா, கேள்வி புரியவில்லை என்று அர்த்தமா? மருத்துவருக்குத் தெரியாது. திரையில் அதை இப்படி மாற்றுங்கள்: 'ஏதாவது மாத்திரை, ஊசி போட்டு உடம்பில் தடிப்பு, அரிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்திருக்கிறதா?' கீழே மூன்று பெரிய பட்டன்கள்: 'வந்திருக்கிறது', 'வந்ததில்லை', 'தெரியவில்லை'. எதுவும் முன்கூட்டியே தேர்வாகி இருக்கக் கூடாது. 'வந்ததில்லை' தயாராகத் தேர்வாகி இருந்தால் அவசரத்தில் எல்லோரும் 'அடுத்து' தட்டிப் போய்விடுவார்கள், உங்கள் கோப்பில் ஒருவருக்குக்கூட ஒவ்வாமை இருக்காது. 'வந்திருக்கிறது' தட்டினால் மருந்தின் பெயரைக் கேட்காதீர்கள். பெயர் பெரும்பாலும் தெரியாது, தெரிந்தாலும் தட்டச்சு வேண்டும். 'பெனிசிலின் வகை', 'சல்ஃபா', 'வலி மாத்திரை', 'மயக்க ஊசி', 'பெயர் தெரியாது' என்று ஐந்தாறு பட்டன்கள் போதும். மீதியைச் செவிலியர் கேட்டு எழுதுவார். அந்தப் பதில் செவிலியரின் திரையில் சிவப்பில் மேலே நிற்க வேண்டும்.

சர்க்கரை, பிரஷர், வீசிங், வலிப்பு, தைராய்டு என்று மக்கள் சொல்லும் பெயர்களையே வையுங்கள். நோய்ப் பட்டியலில் 'இதில் எதுவும் இல்லை' என்ற பட்டன் கட்டாயம் வேண்டும். அதைத் தட்டினால் மற்றவை அணைய வேண்டும், மற்றதில் ஒன்றைத் தட்டினால் இது அணைய வேண்டும். ஒரு திரைக்கு ஒரு கேள்வி. கீழே தள்ளிப் பார்க்க வேண்டிய நீண்ட பக்கம் கூடாது: பாதிக்கு மேல் திரைக்கு வெளியே இருப்பதைப் பலர் கவனிக்கவே மாட்டார்கள். கீழிறங்கும் பட்டியல்களும் வேண்டாம். அவற்றில் பட்டியலைத் தள்ளும் விரலே தேர்வை மாற்றிவிடலாம். மொத்தக் கேள்விகள் 15க்குள் நிற்கட்டும்.

குடி, புகையிலை, மாதவிடாய், மனச்சோர்வு போன்ற கேள்விகளில்தான் டேப்லெட் தாளையும் வாய்க் கேள்வியையும் வெல்கிறது. முகம் பார்த்துச் சொல்லத் தயங்குவதைத் திரையில் தட்டிவிடுகிறார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உறவினர் திரையை எட்டிப் பார்த்தால் அந்தப் பலன் போய்விடும். இந்தக் கேள்விகளை மட்டும் வரவேற்பறையில் கேட்காமல், எடை பார்க்கும் அறையில் தனியாகக் கொடுங்கள். மனச்சோர்வைக் கணிக்கும் பிஹெச்க்யூ-9 வினாத்தொகுப்பு இலவசமானது. ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. தொடுதிரைக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு பதில் வந்தால் அந்த நிமிடமே ஒரு மனிதருக்குத் தகவல் போக வேண்டும், நோயாளி வீட்டுக்குப் போகுமுன் மருத்துவர் பேச வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாமல் இந்தக் கேள்வியைத் திரையில் வைக்கவே வைக்காதீர்கள்.

யார் பதில் சொன்னது என்பதையும் பதியுங்கள்: நோயாளியே, உறவினர், ஊழியர் கேட்டு நிரப்பியது. அப்பாவுக்காக மகன் தட்டிய 'குடிப்பழக்கம் இல்லை' என்பதை மருத்துவர் வேறு விதமாகத்தான் படிப்பார்.

அளவுகளைப் பற்றி. ஆப்பிளின் வழிகாட்டுதல் தொடும் பகுதி குறைந்தது 44 புள்ளி என்கிறது, ஆண்ட்ராய்டு 48 என்கிறது. 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற இணைய அணுகல் நெறி 24 பிக்சலைக் குறைந்தபட்சமாக வைக்கிறது. இவையெல்லாம் பொதுப் பயன்பாட்டுக்கான எல்லைகள். மருத்துவமனைக்குப் பட்டன் உயரம் 13 முதல் 15 மில்லிமீட்டர், இடைவெளி 3 மில்லிமீட்டர் என்று வையுங்கள். சின்ன வட்டத்தை மட்டுமல்லாமல் அந்த வரி முழுவதையும் தட்டினால் தேர்வாக வேண்டும். கண் குறிவைத்த இடத்துக்குச் சற்றுக் கீழேதான் விரலின் சதை படும். அதனால் கடைசிப் பதிலுக்கு நேர் கீழே 'அடுத்து' பட்டனை ஒட்டி வைக்காதீர்கள்.

ஆங்கிலத்துக்குப் போதுமான எழுத்தளவு தமிழுக்குப் போதாது. கொம்பும் கொக்கியும் மேலும் கீழும் இடம் கேட்கும். 20 முதல் 22 அளவு, வரி உயரம் ஒன்றரை மடங்கு, எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற மாறுபாடு குறைந்தபட்சம். வெளிர்ச் சாம்பல் எழுத்து வேண்டவே வேண்டாம், கண்புரை உள்ளவர்களுக்கு அது தெரியாது. 'சமர்ப்பிக்கவும்' பட்டனுக்குள் அடங்காமல் வெட்டுப்படும், 'முடிந்தது' போதும்.

சிலர் விரலைத் திரை உணராது. இது அவர்கள் தவறல்ல. இந்தத் திரைகள் விரலின் மின்கடத்தலை வைத்து வேலை செய்பவை. காய்த்துப்போன, வறண்ட விரல் நுனியில் அது குறையும். விவசாயமும் கட்டட வேலையும் செய்பவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டு தீர்வுகள்: அமைப்புகளில் 'தொடு உணர்திறன்' இருந்தால் அதைக் கூட்டுவது, ரப்பர் நுனி உள்ள மின்கடத்தும் பேனா ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. திரைமேல் ஒட்டும் தடித்த பாதுகாப்புக் கண்ணாடியும் உணர்திறனைக் குறைக்கும். மறுபக்கம், சானிடைசர் காயாத கையோ துடைத்த ஈரமோ இருந்தால் தொடாத இடமெல்லாம் தட்டுப்பட்டதாகத் திரை நினைக்கும். அரை நிமிடம் காயவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கை நடுங்குபவர்களுக்கு ஒரே தட்டு இரண்டாகப் பதிவாகி ஒரு கேள்வி தாண்டிப் போய்விடும். ஐபேடில் அணுகல் வசதிகளின் கீழ் உள்ள தொடு தகவமைப்பிலும், சாம்சங்கில் 'தொடர் தொடுதல்களைப் புறக்கணி' என்பதிலும் அரை விநாடி வைத்தால் நிற்கும். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருப்பவர்களுக்கு வேறு மெனு திறக்கும், அந்த நீண்ட அழுத்தச் செயலைப் படிவத்தில் முடக்கிவிடுங்கள்.

வாங்கும்போது 10, 11 அங்குலத் திரையைப் பாருங்கள். 8 அங்குலம் கையில் பிடிக்க இலகு, ஆனால் மேலே சொன்ன எழுத்தளவில் ஒரு கேள்வி அடங்காது. உறையோடு சேர்ந்தால் பெரிய டேப்லெட்டின் எடை மணிக்கட்டு வலி உள்ளவருக்குச் சுமை, அதனால் மேசை மேல் சாய்வான ஸ்டாண்ட் வையுங்கள். செங்குத்தாகச் சுவரில் மாட்டினால் கை கடுக்கும். நேர் மேலே டியூப்லைட் இருந்தால் திரையில் வெள்ளைக்கோடு விழும், பளபளப்பில்லாத பாதுகாப்பு ஒட்டு அதைக் குறைக்கும். நாள் முழுக்கச் சார்ஜரில் மாட்டியே வைத்தால் நாளடைவில் பேட்டரி உப்பித் திரையைத் தள்ளத் தொடங்கலாம். சார்ஜ் ஏறுவதை 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு உள்ள மாடலாக எடுங்கள்.

சுத்தம்: 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் பிரியாத துணி. நேரடியாகத் திரையில் தெளிக்கக் கூடாது. பிளீச்சிங் கரைசல், ஹைட்ரஜன் பெராக்சைடு, அசிட்டோன் மூன்றும் கூடாது. திரையைப் போலவே உறையின் ஓரமும் பேனாவும் ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் துடைக்கப்பட வேண்டும். துணி மடிப்பு உறை வாங்கினால் துடைக்கவே முடியாது.

தனியுரிமையில் பெரும்பாலோர் கோட்டை விடுவது விசைப்பலகையில். ஊழியர் தட்டும் பெயர்களை அது கற்றுக்கொண்டு, அடுத்தவர் 'மு' என்று தொடங்கும்போது நேற்று வந்த முருகேசனையும் அவர் தெருப் பெயரையும் பரிந்துரைக்கும். தனிப்பயன் பரிந்துரை, தானியங்கி நிரப்பல், இரண்டையும் அணையுங்கள். செயலி செய்பவரிடம், தனிப்பட்ட கற்றலைத் தடுக்கும் குறியைப் பெட்டிகளுக்கு வைக்கச் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டு 8 முதல் அது இருக்கிறது. முடித்த படிவத்துக்கு 'பின் செல்' மூலம் திரும்ப முடியக் கூடாது. ஐபேடில் 'கைடட் ஆக்சஸ்', ஆண்ட்ராய்டில் திரையைப் பொருத்தும் வசதி அல்லது முழுமையான கியோஸ்க் பூட்டு இருந்தால் நோயாளி வேறு எங்கும் போக முடியாது. ஒவ்வொரு பதிலும் தட்டியவுடனே சேமிக்கப்பட வேண்டும். பாதியில் டோக்கன் கூப்பிட்டுவிடுவார்கள், எழுந்து போவார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்தில் அல்லது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் ஒன்றில் படிக்கும் வாய்ப்பு தரவேண்டும். தமிழ் அறிவிப்பை முதலிலேயே தயார் செய்துவிடுங்கள்.

கையெழுத்துக்கு வருவோம். கண்ணாடியில் விரலால் கிறுக்குவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் சொல்லும் மின்கையொப்பத்துக்குச் சமமல்ல. பதிவுப் படிவத்துக்கு அது போதும். அறுவை சிகிச்சை, மயக்க மருந்து ஒப்புதல்களைத் தாளிலேயே வைத்திருங்கள். கைநாட்டு வைப்பவர்களுக்கு இடது பெருவிரல் ரேகையும் சாட்சிக் கையெழுத்தும் தாளில்தான் பதியும். ஸ்கேன் மையம் உங்களிடம் இருந்தால் இன்னொன்று: கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் சட்டத்தின் விதிகள்படி, பதிவேட்டைக் கணினியில் வைத்தாலும் அச்சுப் படி எடுத்து, பொறுப்பாளர் சான்றளித்துப் பாதுகாக்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும்போது நிரப்பும் படிவம் எஃப் டேப்லெட்டில் இருக்கிறது என்று ஆய்வுக்கு வருபவரிடம் சொல்ல முடியாது.

எத்தனை டேப்லெட்? நெரிசலான ஒரு மணி நேரத்தில் 30 பேர், கொடுத்து வாங்கித் துடைப்பது உட்பட ஒருவருக்கு 6 நிமிடம் என்றால் 180 நிமிடம். இடைவெளியே இல்லாமல் ஓடினால் மூன்று போதும், ஆனால் நோயாளிகள் அப்படிச் சீராக வருவதில்லை. ஐந்தும், மாற்றுக்கு ஒன்றும் வாங்குங்கள்.

வாங்குமுன், ஒரே ஒரு டேப்லெட்டில் ஆறேழு நோயாளிகளை நிரப்பச் சொல்லி, உதவாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். குறைந்தது மூவர் அறுபதைத் தாண்டியவர்களாகவும், ஒருவர் கண்ணாடியை வீட்டில் விட்டு வந்தவராகவும் இருக்கட்டும். எந்தத் திரையில் விரல் தயங்கி நிற்கிறது, எங்கே திரும்பி ஊழியரைப் பார்க்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள். பிறகு இரண்டு வாரம் தாளும் திரையும் சேர்ந்து ஓடட்டும். தாளில் வந்த ஒவ்வாமைப் பதில்களையும் திரையில் வந்ததையும் ஒப்பிட்டால் எதை நம்பலாம் என்று தெரிந்துவிடும்.

நிரந்தரமாக மாறிய பின்னும், அதே வரிசையில் அதே கேள்விகள் அச்சிட்ட தாள்கள் குறைந்தது ஐம்பது வரவேற்பு மேசையில் இருக்க வேண்டும். வைஃபை போன நாளில் அவற்றில் நிரப்பியதை அன்று மாலைக்குள் யார் கணினியில் ஏற்றுவது என்று ஒருவர் பெயரை இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.